கொம்பனித்தெருவின் சின்ன ஓட்டு வீடுகளும் நமது வரலாறும்

பதிவு சற்று நீளமானது. ஊர் உறவுகள் கொஞ்சம் நேரம் ஒதுக்கி முழுதாக வாசியுங்கள்.

வரலாறு என்றதும் நமது பிள்ளைகளுக்குச் சீகிரியாவும் பொலன்னறுவையும்தான் ஞாபகம் வரும். அவை நாட்டின் பெருமை, அதில் சந்தேகமில்லை. ஆனால் கொம்பனித்தெருவில் ஓர் ஒழுங்கைக்குள், தொடர்மாடிகளின் நிழலில் நிற்கும் சின்னச் செங்கல் வீடும் வரலாறுதான் என்றால் சிரிக்கிறார்கள். பெரியவர்களாகிய நாமும் "பழைய வீடு, மழைக்கு ஒழுகும்" என்று கடந்து போகிறோம்.

ஒல்லாந்தர் காலத்தில் இந்த இடம் கோட்டைக்கு வெளியே, பேர வாவி சூழ்ந்த நிலம். கோட்டையில் வேலை வாங்கப்பட்ட ஆபிரிக்க அடிமைகளை இங்கேதான் வைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் நெடுங்காலம் வழங்கிய 'ஸ்லேவ் ஐலன்ட்' என்ற பெயர் அதன் மிச்சம். பின்பு மலாய்ப் படைவீரர்களும் அவர்களது குடும்பங்களும் இங்கே வேரூன்றினார்கள். வேகந்த ஜும்ஆப் பள்ளிவாசல் 1786 இல் பந்தன் பாலி என்பவரால் நிறுவப்பட்டது. இலங்கை ரைஃபிள் படைப்பிரிவு 1873 இல் கலைக்கப்பட்ட பிறகும் மலாய்க் குடும்பங்கள் ஊரை விட்டுப் போகவில்லை. மலே வீதி, ரைஃபிள் வீதி, ஜாவா லேன் என்ற பெயர்கள் இன்றும் அதற்குச் சாட்சி.

கொழும்பு மாநகர சபை 1865 இல் உருவானது. 1870களில் கரையோர ரயில் பாதை இவ்வழியே போடப்பட்டது. கோட்டைக்கும் துறைமுகத்துக்கும் கடைகளுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் குடியிருக்கும் புறநகரானது கொம்பனித்தெரு. சோனகர், மலாயர், தமிழர், சிங்களவர் எல்லோரும் ஒரே ஒழுங்கையில் வாழ்ந்தார்கள். நாம் பேசும் வீடுகள் அந்தக் காலத்தின் பிள்ளைகள்.

அந்த வீட்டை ஒரு முறை உற்றுப் பாருங்கள். முகப்பு ஒடுக்கம், உள்ளே நீளம். செங்கல்லும் கபுக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த தடித்த சுவர். கதவுக்கு மேலே காற்றுப் போக மரச் சட்டம். கூரையில் மங்களூர், கள்ளிக்கோட்டைப் பக்கமிருந்து கப்பலில் வந்த தட்டோடு. கழற்றிப் புரட்டினால் செய்த ஆலையின் பெயர் அச்சாகியிருப்பதைப் பலவற்றில் காணலாம். வீட்டுக்குள் புழங்கும் சொற்களும் அப்படித்தான். ஜன்னல், அலமாரி, சாவி மூன்றும் போர்த்துக்கீசர் தந்தவை. நம் மூத்தம்மாமார் 'இஸ்தோப்பு' என்று சொன்ன முன் விறாந்தை ஒல்லாந்தச் சொல். நானூறு வருடச் சரித்திரம் ஒரு சின்ன வீட்டில் ஒதுங்கியிருக்கிறது.

கொழும்பில் 1914 இல் பிளேக் நோய் பரவியது. அடுத்த வருடமே, 1915 இல், வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. வெளிச்சம், காற்றோட்டம், வீட்டைச் சுற்றி விட வேண்டிய இடம் என்பவற்றுக்கு விதிகள் வந்தன. ஒரு வீட்டின் பின்முற்றத்தையும் ஜன்னல்களையும் பார்த்தாலே அது அந்த விதிகளுக்கு முந்தியதா பிந்தியதா என்று ஓரளவு ஊகிக்கலாம். 1972 இன் வாடகைச் சட்டமும் 1973 இன் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டமும் வேறொரு அத்தியாயம். வாடகை உயராததால் பல உரிமையாளர்கள் திருத்த வேலை செய்யவில்லை. மறுபக்கம், வாடகைக்கு இருந்த பலர் அந்த வீடுகளுக்கே சொந்தக்காரர்களானார்கள். பல வீடுகள் உருமாறாமல் தப்பியதற்கும் உளுத்துப் போனதற்கும் இதுவும் ஒரு காரணம்.

சட்டம் இவற்றைக் காப்பாற்றாதா? 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 என்ற திகதியைக் கோடாக வைத்திருக்கிறது. கண்டி இராச்சியம் வீழ்ந்த நாள் அது. பிந்திய கட்டடங்களையும் வர்த்தமானி அறிவித்தல் மூலம் பாதுகாக்க இடமுண்டு. ஆனால் அந்த வாய்ப்பு மாளிகைகளுக்கும் பெரிய கட்டடங்களுக்கும் கிடைப்பதே அரிது. 19 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த டி சொய்சா கட்டடம் நம் கண் முன்னே இடிக்கப்பட்டது. அவ்வளவு பெரிய கட்டடத்துக்கே அந்தக் கதி என்றால், ஒழுங்கைக்குள் நிற்கும் ஓட்டு வீட்டுக்கு யார் வருவார்?

இதில்தான் நமக்குப் பெரும் நட்டம். பிரபுக்களின் வரலாறு புத்தகத்தில் இருக்கிறது. படைவீரர், தையற்காரர், துறைமுகத் தொழிலாளி, சில்லறைக் கடைக்காரர் ஆகியோரின் வரலாற்றை எழுதி வைத்தவர்கள் குறைவு. அவர்கள் விட்டுச் சென்ற ஆவணம் அந்த வீடுதான். "நீங்கள் எப்போது இங்கே வந்தீர்கள்?" என்று நாளை எவராவது கேட்டால், காட்டுவதற்கு நம் கையில் என்ன மிஞ்சும்?

யாரையும் ஒழுகும் கூரைக்குக் கீழே இருக்கச் சொல்லவில்லை. வாரிசுகள் கூடிவிட்டால் விற்க வேண்டி வரும், அதுவும் நியாயமே. ஆனால் பெக்கோ வருவதற்கு முன் நம்மால் முடிந்த சில காரியங்கள் உண்டு.

முகப்பு, கதவு, ஜன்னல், கூரை, சமையலறை எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். நாடாவால் அளந்து ஒரு வரைபடம் கீறுங்கள். தரம் 9 பிள்ளைக்கும் இது முடியும். பழைய காணி உறுதி, நில அளவைப் படம், சோலை வரித் துண்டு எதையும் எறியாமல் பிரதி எடுத்து வையுங்கள். வீட்டில் மூத்தவர்கள் சொல்வதைத் தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். அடுத்த வருடம் கேட்போம் என்று தள்ளிப் போட வேண்டாம்.

திருத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சீமெந்து பூசாதீர்கள். சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு உதிரும், செங்கல்லும் பொரியும். வாவிக்குப் பக்கத்து நிலத்தில் இது இன்னும் மோசம். சுண்ணாம்புப் பூச்சே அந்தச் சுவருக்குப் பொருத்தம். முழு வீட்டையும் வைத்திருக்க முடியாவிட்டாலும் முகப்பையும் இஸ்தோப்பையும் விட்டுவைத்துப் பின்னால் கட்டலாம்.

உங்கள் வீட்டில் அல்லது பக்கத்து வீட்டில் இப்படி ஏதும் எஞ்சியிருந்தால் கருத்துப் பகுதியில் ஒரு படம் போடுங்கள். எந்த வீதி, ஏறத்தாழ எந்தக் காலம், யார் கட்டியது என்று தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். சேர்ந்ததைத் தொகுத்து நமது பாடசாலை நூலகத்திலும் பள்ளிவாசலிலும் ஒவ்வொரு பிரதி வைப்போம், இன்ஷா அல்லாஹ்.