மூடப்படாத தோட்டங்கள்: ஊவாவிற் கொள்ளைநோயும் உழைப்பும்

2020 பெப்ரவரி 1ஆந் திகதி, சீனாவின் வூஹான் நகரிலிருந்து அழைத்துவரப்பட்ட இலங்கை மாணவர் 33 பேர் மத்தளை விமான நிலையத்தில் இறக்கப்பட்டு, நேரே தியத்தலாவை இராணுவ முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கொவிட் தொற்றினையொட்டி இந்நாட்டில் நடைபெற்ற முதலாவது கூட்டுத் தனிமைப்படுத்தல் இதுவே. இடம் இத்தகைய காரியத்துக்குப் புதியதன்று. 1900இல் தென்னாபிரிக்கப் போரிற் பிடிபட்ட போயர் கைதிகள் ஆயிரக்கணக்கானோரைப் பிரித்தானியர் அடைத்துவைத்ததும் இதே தியத்தலாவையிலேதான். மாணவர்கள் இரண்டு வாரங்களின் பின் நலமாக வீடு திரும்பினர். அவர்களுக்குக் கிடைத்த பராமரிப்பு மெச்சத்தக்கது. ஆயின் ஏழு வாரங்கள் கழித்து, நாடு முழுவதும் வீட்டுக்குள் இருக்குமாறு பணிக்கப்பட்டபோது, அம்முகாமைச் சூழ்ந்த மலைகளில் வாழ்ந்தோர் வழமைபோல் விடியற்காலைப் பிரட்டுக்குச் சென்றனர். இவ்வேறுபாட்டின் வரலாற்று வேர்களைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2020 மார்ச் 20ஆந் திகதி மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. ஏப்ரில் 20 முதல் ஆபத்துக் குறைந்தனவெனக் கருதப்பட்ட மாவட்டங்களிற் பகல்வேளைத் தளர்வு, மே 11இல் கொழும்பு, கம்பகா மாவட்டங்களில் அலுவலகப் பணிகளின் தொடக்கம், ஜூன் 28இல் ஊரடங்கின் முழுமையான நீக்கம், அதன் பின் வகுப்புவாரியாகப் பாடசாலைகளின் திறப்பு என, நாடு படிப்படியாக மீளத் திறக்கப்பட்டதாக உத்தியோகபூர்வ வரலாறு கூறும். நகரத்து மத்தியதர வர்க்கத்தின் அனுபவத்தை இவ்வரலாறு ஓரளவு சரியாகவே எடுத்துரைக்கின்றது. பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல, அப்புத்தளை ஆகிய பகுதிகளின் பெருந்தோட்டங்களுக்கு அது பொருந்தாது. மார்ச் மாதத்திலேயே விவசாயமும் தேயிலை உள்ளிட்ட ஏற்றுமதிப் பயிர்ச்செய்கையும் ஊரடங்கிலிருந்து விலக்களிக்கப்பட்டன. மூடப்படாத ஒன்றுக்கு மீளத் திறப்பு ஏது?

இங்கு ஒரு சிறு செய்தி கருத்தூன்றி நோக்கத்தக்கது. 1883இல் ஆரம்பமாகிய கொழும்புத் தேயிலை ஏலம், விற்போரும் வாங்குவோரும் ஒரே மண்டபத்திற் கூடி விலைகூறும் முறையிலேயே நெடுங்காலம் நடந்துவந்தது. 2020 ஏப்ரில் 4ஆந் திகதி முதன்முறையாக அது இணையவழிக்கு மாற்றப்பட்டது. தேயிலையின் விலையை வீட்டிலிருந்தே கூறலாம். கொழுந்தை வீட்டிலிருந்து பறிக்க முடியாது. ஒரே பண்டத்தின் இரு முனைகளில் நின்ற மனிதரை நோய் ஒரே வகையாக அணுகவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கொள்ளைநோய்த் தடுப்பென்பது இத்தோட்டங்களைப் பொறுத்தவரையில் தொடக்கத்திலிருந்தே தொழிலாளர் விநியோகத்தின் ஓர் அங்கமாகவே இருந்துவந்துள்ளது. கோப்பிக் காலத்தில் தமிழகத்து மாவட்டங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்தோரிற் பெருந்தொகையினர் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியாயினர். மலையக நாட்டார் பாடல்கள் அவ்வழிநடைத் துயரைப் பேணிவைத்துள்ளன; இலக்கிய மாணவனாகிய எனக்கு அவை நிர்வாக அறிக்கைகளுக்குச் சற்றும் குறையாத ஆவணங்களாகவே தோன்றுகின்றன. குடியேற்ற அரசு இரு கவலைகளுடன் இதனை அணுகிற்று. ஒன்று, நடந்துவரும் கூலிகள் கிராமங்களுக்கும் நகரங்களுக்கும் நோயைக் கொண்டுவருவர் என்பது. மற்றையது, அவர்கள் வழியிலேயே இறந்துவிட்டால் தோட்டத்துக்கு ஆளில்லை என்பது. இறப்போரின் நிலையிலிருந்து எழுந்த கவலையை அவ்விரண்டினுள்ளும் காண்பதரிது.

1872இல் தோட்டப் பகுதிகளுக்கான வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1880, 1882, 1912 ஆகிய ஆண்டுகளில் அது மீண்டும் மீண்டும் திருத்தியும் மாற்றியும் எழுதப்பட்டதற்கு, செலவை அரசு ஏற்பதா தோட்டத்துரைமார் ஏற்பதா என்ற தீராத பிணக்கும் முக்கிய காரணமாகும். 1896இல் பம்பாயிற் பரவிய பிளேக் நோய் இலங்கைத் துறைமுகங்களை அச்சுறுத்தவே, 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 2020இல் கொவிட்டை எதிர்கொள்ள அரசு எடுத்த கருவியும் அதுவே. 123 ஆண்டுகளுக்கு முன் கப்பல்களையும் கூலிகளையும் மனத்திற்கொண்டு வரையப்பட்ட சட்டம்! இந்தியாவும் அதே 1897இல் இயற்றப்பட்ட கொள்ளைநோய்ச் சட்டத்தையே 2020இல் தூசு தட்டி எடுத்தது.

1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பற் சேவை தொடங்கியது. 1917 முதல் மண்டபம் முகாம் இலங்கை அரசின் நோய்த்தடுப்பு நிலையமாக இயங்கிற்று. இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. தொழிலாளர் அங்கே சில நாட்கள் தடுத்துவைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்ட பின்னரே கடல் கடக்க அனுமதிக்கப்பட்டனர். அங்கிருந்து இரயிலில் ஏற்றப்பட்டு மலைநாட்டுக்கு அனுப்பப்பட்டனர். மலைநாட்டு இருப்புப்பாதை 1894இல் பண்டாரவளையையும் 1924இற் பதுளையையும் எட்டியிருந்தது. முகாமின் பயனை மறுப்பதற்கில்லை. பழைய வழிநடைச் சாவுகளுடன் ஒப்பிடுமிடத்து அது முன்னேற்றமே. ஆயினும் சோதனைக்குட்பட்டது உடலேயன்றி, அவ்வுடல் சென்று வாழவிருந்த லயமன்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பம், வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு அறைகள், பொதுக் குழாய், பொது மலசலகூடம் என்ற அமைப்பு, நோயினைப் பொறுத்தவரையில் மண்டபத்திற் செய்யப்பட்ட யாவற்றையும் அழித்தெழுத வல்லது.

2020இல் ‘ஒரு மீற்றர் இடைவெளி’, ‘அடிக்கடி கைகழுவுதல்’ என்ற அறிவுறுத்தல்கள் வந்தபோது அந்த லயங்களுட் பல இன்னும் நின்றன. 1948இற் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களுக்கு வாக்குரிமை மீண்ட பின்னரும் தோட்டம் நாட்டுக்குள் ஒரு தனிநாடாகவே இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, உள்ளூராட்சிப் பணத்தைத் தோட்டங்களிற் செலவிடத் தடையாக நின்றது. அது திருத்தப்பட்டது 2018இலேதான். தோட்ட வைத்தியசாலைகளை அரச சுகாதார சேவையுடன் இணைக்கும் பணி தொடங்கிப் பல்லாண்டுகளாகியும் முற்றுப்பெறாதிருந்தது. இந்நிலையிற் கைகழுவச் சொல்வதற்கு முன் குழாய்நீரைப் பற்றியல்லவா பேசியிருத்தல் வேண்டும்?

தோட்டங்களை மூடியிருத்தல் வேண்டுமென நான் வாதிடுவதாக வாசகர் கருதிவிடலாகாது. பேர் போட்டாற்றான் நாட்சம்பளம். நிறை குறைந்தால் அரைப்பேர். 2019 ஜனவரி கூட்டு ஒப்பந்தம் நிர்ணயித்த அடிப்படைச் சம்பளம் நாளொன்றுக்கு 700 ரூபாய். சம்பளமின்றி மூடுவது நோய்க்குப் பதிலாகப் பசியைத் தருவதேயாகும். இந்தியாவில் 2020 மார்ச் 25இன் பின் நகரங்களிலிருந்து நடந்தே ஊர் திரும்பிய தொழிலாளர் அதனை உலகுக்குக் காட்டினர். கொழுந்துக்கும் தனக்கேயுரிய காலக்கணக்கு உண்டு. ஏழெட்டு நாட்களுக்கொருமுறை பறிக்காவிடின் முற்றிவிடும். ஆனால் அதே ஏப்ரிலில் இந்திய மத்திய அரசு தேயிலைத் தோட்டங்களுக்கு அனுமதி வழங்கியபோது, தொழிலாளரில் ஐம்பது சதவீதத்துக்கு மேற்படலாகாதென வரம்பு விதித்தது. அவ்வரம்பு நடைமுறையில் எவ்வளவு பேணப்பட்டதென்பது வேறு கேள்வி. மூடுவதா திறப்பதா என்பதன்று சிக்கல். எவர், எந்நிபந்தனைகளின் பேரிற் தீர்மானிப்பது என்பதே.

மேலும், வேலைக்குத் திறந்திருந்த வழி உறவுக்குத் திறந்திருக்கவில்லை. 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும் பேலியகொடை மீன்சந்தையிலும் பெருந்தொற்று வெடித்தபோது, கொழும்புக் கடைகளிலும் உணவகங்களிலும் உழைத்த மலையக இளைஞர் நோய்காவிகளாக நோக்கப்படலாயினர். தீபாவளியை முன்னிட்டு நவம்பர் 11 நள்ளிரவு முதல் 15 வரை மேல் மாகாணத்தை விட்டு வெளியேறுதல் தடைசெய்யப்பட்டது. மருத்துவ நியாயம் அதற்கிருந்தது. எனினும் மன்னார் வழியில் நடந்த மூதாதையின்மீது விழுந்த அதே பார்வை, பதுளை பஸ்ஸுக்குக் காத்துநின்ற பேரன்மீதும் விழுந்ததை வரலாற்று மாணவன் காணாமலிருக்க இயலாது.

ஊவாவின் வரலாற்றிற் தோட்டம் மூடப்பட்ட தருணங்கள் இல்லாமலில்லை. அவற்றை மூடியவர்கள் தொழிலாளர்கள். 1934–35 மலேரியாக் கொள்ளைநோயின்போது கிராமங்களில் நிவாரணம் புரிந்த சூரியமல் இயக்கத்தவரே 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தனர். 1940 மேயில், பதுளையையடுத்த வெவெஸ்ஸ தோட்டத்தில் அவர்களது தலைமையில் நடைபெற்ற வேலைநிறுத்தத்திற் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தெரிவுசெய்தனர். அச்சபையைக் கலந்தே நடப்பதாகத் துரை உடன்பட நேர்ந்தது. அடுத்த மாதமே கட்சித் தலைவர்கள் கைதாயினர். வேலைநிறுத்த அலையும் அடக்கப்பட்டது. ஆயினும் வேலை எப்போது, எவ்வாறு நடைபெறுவது என்ற கேள்வியிற் தொழிலாளர் குரலுக்கு இடமிருந்த அக்குறுகிய காலம் ஊவாவுக்கேயுரிய வரலாற்றுச் சொத்து. 2020இன் விலக்களிப்பு வந்தபோது கேட்கப்படுவதற்கு அத்தகைய சபை எதுவும் இருக்கவில்லை.

கொள்ளைநோய்க் காலத்திலும் ஒருநாள் பிரட்டுக்களம் வெறிச்சோடியது. 2021 பெப்ரவரி 5ஆந் திகதி, நாளொன்றுக்கு 1000 ரூபாய் கோரி மலையகமெங்கும் வேலை நிறுத்தப்பட்டது. நோய் நிறுத்தாததைக் கூலிக் கோரிக்கை நிறுத்தியது. மார்ச் மாதத்தில் அரச வர்த்தமானி அத்தொகையைச் சட்டமாக்கிற்று. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறையைக் கூட்டுவதில் முனைந்தன. அவ்வாண்டு ஓகஸ்ட் 20இல் நாடு மீண்டும் ஊரடங்கி ஒக்டோபர் 1ஆந் திகதிவரை அடங்கியிருந்தபோது, விலக்களிக்கப்பட்ட தொழில்களின் பட்டியலில் மலைத்தேயிலை தன் பழைய இடத்திலேயே இருந்தது.