மிர்ரர் படகு: பெட்டிக்குள் வராத உழைப்பு

படகின் வரலாறு என்று எழுதப்பட்டவை பெரும்பாலும் வரைந்தவனின் வரலாறுதான். யார் வரைந்தார், எந்த வருஷம், என்ன நீளம் என்று போகும். ஒட்டி முடித்த பிறகு நாள்கணக்காக உட்கார்ந்து தேய்த்தவனுக்கு அதில் ஒரு வரி கிடையாது. இந்த மௌனத்தை வாசிக்க எனக்கு வாய்த்த பிரதி, 1963இல் இங்கிலாந்தில் வெளிவந்த மிர்ரர் படகு.

'டெய்லி மிர்ரர்' தொழிலாளர்கள் விரும்பி வாசித்த பத்திரிகை. பாய்ப்படகு ஓட்டுவதோ அங்கே காசுள்ளவன் விளையாட்டு. வீட்டிலேயே கட்டிக்கொள்ளும்படி ஒரு படகை அந்தப் பத்திரிகை முன்வைத்தது. வடிவம் ஜாக் ஹோல்ட். கட்டும் முறை, தொலைக்காட்சியில் வீட்டு வேலைகளைச் சொல்லித்தந்த பேரி பக்னெல். பிளைவுட் துண்டுகள் பெட்டியில் வரும். செப்புக்கம்பியால் தைத்து, மூட்டின்மேல் கண்ணாடி இழை நாடாவை ரெசினில் ஒட்டினால் படகு தயார். நீளம் 3.3 மீட்டர். தொடக்க விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். 70,000க்கு மேல் கட்டப்பட்டது. பாய்க்குச் சிவப்பு, பத்திரிகையின் நிறம்.

'தயார்' என்றேனே, அங்கேதான் கோளாறு. கம்பி முனைகளை நறுக்கிய இடம் குத்தும். நாடாவின் ஓரம் தழும்பு மாதிரி நிற்கும். ரெசின் வழிந்து காய்ந்திருக்கும். இதையெல்லாம் மட்டம் செய்து, மேடு பள்ளமில்லாமல் வளைவு முனையிலிருந்து முனைவரை ஒரே ஓட்டமாக ஓடவைக்க வேண்டும். விரலால் உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால் மெத்தென்ற இடம் குழிந்துபோகும். ஆகவே நீளமான, கொஞ்சம் வளைந்துகொடுக்கிற பட்டைப் பலகையில் தாளை ஒட்டிக் குறுக்குச்சாய்வாக இழுப்பார்கள், பிறகு எதிர்ச்சாய்வாக. முதலில் பென்சிலால் கிறுக்கிவிட்டால், தேய்த்த பிறகும் கோடு மிஞ்சுகிற இடம் பள்ளம். அதில் பூச்சை வைத்து, காயவிட்டு, திரும்பவும் தேய்க்கணும். கொஞ்சம் அதிகமாகிவிட்டால் பிளைவுட்டின் மேலடுக்கு கிழிந்து அடியிலுள்ள பசை தெரியும். செய்த வேலை அத்தனையும் பாழ்.

படகின் விலையில் பெரும் பங்கு இந்த மணிநேரங்கள். பெட்டி மலிவாக வந்தது, இவை பெட்டிக்குள் இல்லாததால். வாங்கியவன் ஆலையில் விற்றது போக மிஞ்சிய நேரத்தைக் கொண்டுவந்து போட்டான். அதற்குப் பெயர் பொழுதுபோக்கு. (வீட்டுக்குள் படிந்த தூசியைப் பெருக்கியது யார்?) இதை வெறும் ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. தேய்த்தவனுக்கே படகு சொந்தமாயிற்று. தண்ணீரில் இறக்கியபோது அவன் அடைந்த சந்தோஷத்தை நம் கோட்பாடுகள் எளிதில் தீண்டிவிட முடியாது.

இதே தைத்து ஒட்டும் முறை 1980களில் குமரி மாவட்டக் கடற்கரைக்கு வந்தது. கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்குமான பெருமரம் அருகி விலையேறிய காலம். முட்டத்தில் பிளைவுட் படகுகள் கட்டப்பட்டன. சோழமண்டலக் கரையின் மசூலாப் படகும் தைத்த படகுதானே, எல்லாம் இங்கிருந்து போனதுதான் என்று உடனே கிளம்பிவிட வேண்டாம். மசூலா கயிற்றுத் தையல். அலை மோதும்போது நெகிழ்ந்துகொடுக்க வேண்டும் என்பதற்காகவே விறைப்பாக ஒட்டாமல் விட்டது. வேறு தர்க்கம். கவனிக்க வேண்டியது இதுதான்: கட்டுமரத்தை மீனவன் தானே அவிழ்த்துக் காயப்போட்டு, தானே கட்டுவான். பிளைவுட் படகு பட்டறையில் பிறந்தது. தேய்ப்பு அங்கே கூலியாயிற்று. தேய்ப்பவன் ஒருவன், ஓட்டுபவன் வேறொருவன்.

சில வருஷங்களுக்கு முன் அந்தப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் போய் நின்றேன். முகத்தில் துண்டு கட்டிய பெரியவர் ஒருவர் தேய்த்துக்கொண்டிருந்தார். புருவமெல்லாம் வெள்ளை. படகு வழுவழுப்பாகத்தான் தெரிந்தது. "கண்ண மூடிட்டுத் தடவிப் பாருங்க சார்" என்றார். தடவினேன். உள்ளங்கைக்குக் கீழே ஒரு மெல்லிய மேடு ஓடியது. மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது 1995இல். அவரிடம் அதைச் சொல்ல வாயெடுத்தேன், இருமிக்கொண்டே அடுத்த தாளை மடித்தார்.

கிளம்பும்போது படகின் செலவுக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பிளைவுட், ரெசின், கண்ணாடி இழை, ஆணி, பெயிண்ட் எல்லாம் தனித்தனி வரியில். உப்புத்தாளுக்குக்கூட எண்ணிக்கை போட்டிருந்தது. பெரியவரின் நாட்கள் 'இதர செலவு' என்பதற்குள் கிடந்தன.