வானொலி நாடகங்களில் ஹாலிவுட் நடிகைகள்

ஹாலிவுட் நடிகைகள் திரைப்படக் கதைகளின் வானொலி வடிவங்களில் நடிக்கும் மரபு 1930களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் வேரூன்றி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் செழித்திருந்தது. படத்தின் கதையை ஒரு மணி நேரத்துக்கோ அரை மணி நேரத்துக்கோ சுருக்கி, பெரும்பாலும் பார்வையாளர் முன்னிலையில் நேரலையாக நடித்து ஒலிபரப்புவார்கள். இதற்கு இலக்கணம் வகுத்தது ‘லக்ஸ் ரேடியோ தியேட்டர்’. பிற நிகழ்ச்சிகளில் பல அது போட்ட பாதையில் நடந்தவை.

தோற்றம்

லீவர் பிரதர்ஸ் நிறுவனம் லக்ஸ் சோப்பின் விளம்பரத்துக்காக 1934 அக்டோபர் 14 அன்று நியூயார்க்கில் இந்நிகழ்ச்சியைத் தொடங்கியது. முதல் நாடகம் ‘செவன்த் ஹெவன்’. மிரியம் ஹாப்கின்ஸும் ஜான் போல்ஸும் நடித்தனர். என்.பி.சி.யில் தொடங்கிய நிகழ்ச்சி 1935 ஜூலையில் சி.பி.எஸ்.ஸுக்கு மாறியது. அப்போது பிராட்வே மேடை நாடகங்களே பெரிதும் எடுத்தாளப்பட்டன. கேட்போர் கூட்டம் எதிர்பார்த்தபடி சேரவில்லை. விளம்பரப் பொறுப்பை ஏற்றிருந்த ஜே. வால்டர் தாம்சன் நிறுவனத்தின் ஹாலிவுட் பொறுப்பாளர் டேனி டேங்கர், நட்சத்திரங்கள் வாழும் ஊருக்கே நிகழ்ச்சியைக் கொண்டுவர வேண்டும் என்று வற்புறுத்தினார்.

அதுவரை அது நடவாததற்குப் பணமும் ஒரு காரணம். மேற்குக் கரையிலிருந்து நாடெங்கும் ஒலிபரப்பத் தேவைப்பட்ட தொலைபேசிக் கம்பிகளின் வாடகை மிக அதிகம். அது குறைந்த பிறகே ஹாலிவுட் வானொலியின் மையமாக முடிந்தது. திரையரங்க உரிமையாளர்களும் குறுக்கே நின்றனர். நட்சத்திரத்தின் குரல் வீட்டிலேயே காசில்லாமல் கேட்டால் யார் சீட்டு வாங்குவார் என்பது அவர்களுடைய கவலை. உண்மையில் வானொலி படங்களுக்கு நல்ல விளம்பரமாகவே அமைந்தது.

1936 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டிலிருந்து முதல் ஒலிபரப்பு நடந்தது. ‘மொராக்கோ’ படக்கதையைத் தழுவிய ‘தி லீஜனேர் அண்ட் தி லேடி’ என்ற நாடகத்தில் மார்லீன் டீட்ரிக்கும் கிளார்க் கேபிளும் நடித்தனர். தொகுத்தளித்தவர் இயக்குநர் செசில் பி. டெமில். அடுத்த வாரமே மிர்னா லாய், வில்லியம் பவல் இணை ‘தி தின் மேன்’ கதையோடு வந்தது. திங்கட்கிழமை இரவு லக்ஸுக்கு உரியதாயிற்று.

நடைமுறை

முன்னணி நட்சத்திரத்துக்கு ஒரு நாடகத்துக்கு 5,000 டாலர் வரை கொடுத்தார்கள். நாடகம் மூன்று அங்கங்களாகப் பிரிக்கப்பட்டது. இடையிடையே சோப்பு விளம்பரம். முடிவில் நடிகை தன் பெயரிலேயே பேசி, லக்ஸ் சோப்பையும் ஒரு வார்த்தை புகழ்ந்துவிட்டு விடைபெறுவார். ஜார்ஜ் வெல்ஸ் பல ஆண்டுகள் நாடகங்களை எழுதினார். லூயி சில்வர்ஸ் இசைக்குழுவை நடத்தினார்.

படப்பிடிப்பில் தவறினால் மறுபடி எடுக்கலாம். நேரலையில் நாக்குப் பிறழ்ந்தால் நாடே கேட்கும். ஒப்பனையும் ஒளியும் அண்மைக் காட்சியும் இல்லாமல், கையில் தாளும் எதிரே ஒலிவாங்கியுமாக நின்று ஒரு பெண்ணின் வாழ்க்கையை அரங்கேற்றுவது திரைநடிப்பைவிடக் கடினம். ஜோன் கிராஃபோர்ட் போன்ற பெரும் நட்சத்திரமே ஒலிவாங்கிக்கு முன் நடுங்கினார். பார்பரா ஸ்டான்விக், கிளாடெட் கோல்பேர், லொரெட்டா யங் ஆகியோருக்கு இது கைவந்த கலை. மூவரும் லக்ஸில் இருபது முறைக்கு மேல் நடித்தவர்கள்.

வகைகள்

இந்நடிப்பை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, திரையில் ஏற்ற வேடத்தையே மீண்டும் ஏற்பது. ‘கேஸ்லைட்’ படத்தின் இங்கிரிட் பெர்க்மன் 1946இலும், ‘சன்செட் புலவார்ட்’ படத்தின் குளோரியா ஸ்வான்சன் 1951இலும் லக்ஸில் இப்படி நடித்தனர்.

இரண்டாவது, பிறர் வேடத்தை ஏற்பது. ‘காசபிளாங்கா’ கதையில் 1943 ஏப்ரலில் ‘ஸ்கிரீன் கில்ட்’ நிகழ்ச்சிக்காகப் பெர்க்மனே நடித்தார். 1944 ஜனவரியில் லக்ஸில் அதே வேடம் ஹெடி லமாருக்குப் போயிற்று. ஸ்கிரீன் கில்டில் நட்சத்திரங்கள் தங்கள் ஊதியத்தைத் திரைத்தொழிலாளர் நலநிதிக்கு விட்டுக்கொடுத்தனர் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

மூன்றாவது வகையே வரலாற்றில் முதன்மையானது: படம் வருமுன்னரே வானொலியில் நடிப்பது. ‘டார்க் விக்டரி’ கதையின் நாயகியாக ஸ்டான்விக் 1938 ஏப்ரலில் லக்ஸில் நடித்தார். அடுத்த ஆண்டு வந்த படத்தில் அவ்வேடம் பெட்டி டேவிஸுக்குக் கிடைத்தது. டேவிஸ் 1940 ஜனவரியில் ஸ்பென்சர் டிரேசியுடன் அதே நிகழ்ச்சியில் அதை நடித்தார். ஆர்சன் வெல்ஸின் ‘கேம்பெல் பிளேஹவுஸ்’ 1938 டிசம்பரில் மார்கரெட் சல்லவனை வைத்து ‘ரெபெக்கா’வை ஒலிபரப்பியது, ஹிட்ச்காக்கின் படம் 1940இல்தான் வந்தது. எல்லாவற்றிலும் சிறந்த சான்று ஜூடி கார்லண்ட். ஜேனட் கேனர் முன்பே திரையில் நடித்த ‘எ ஸ்டார் இஸ் பார்ன்’ கதையில் 1942 டிசம்பர் 28 அன்று வால்டர் பிட்ஜனுடன் வானொலியில் நடித்தபோது அவருக்கு வயது இருபது. கார்லண்டே நடித்த திரைப்பட வடிவம் 1954இல்தான் வெளிவந்தது. படநிறுவனங்கள் ஒப்பந்தத்தால் கட்டிப்போட்டிருந்த நடிகைகளுக்கு, கிடைக்காத வேடங்களைத் தந்தது வானொலி.

நான்காவது, வானொலிக்கென்றே எழுதப்பட்ட நாடகம். லூசில் ஃபிளெட்சர் எழுதிய ‘சாரி, ராங் நம்பர்’ 1943 மே 25 அன்று ‘சஸ்பென்ஸ்’ நிகழ்ச்சியில் ஒலிபரப்பாயிற்று. தன்னைக் கொல்லச் சதி நடப்பதைத் தொலைபேசி வழியே சிறிது சிறிதாக அறியும் நோயாளிப் பெண்ணாக ஆக்னஸ் மூர்ஹெட் நடித்தார். கேட்டவர்கள் கேட்டுக்கொண்டதால் அவரே பல முறை அதை மீண்டும் நடித்தார். 1948இல் படமானபோது வேடம் ஸ்டான்விக்குக்குப் போய், அவருக்கு ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. 1950இல் லக்ஸிலும் அவர் அதை நடித்தார். எனினும் அப்பாத்திரம் மூர்ஹெட்டுக்கே உரியது.

லுரீன் டட்டில் போல வானொலியையே பெரிதும் நம்பிய குரல் நடிகைகள் இந்நாடகங்களில் துணைவேடங்களைத் தாங்கினர். அவர்களுக்குக் கிடைத்தது சாதாரணத் தொழிற்சங்க ஊதியமே.

பிற்காலம்

வானொலிக் கலைஞர் தொழிற்சங்கத்தின் அரசியல் நிதிக்கு ஒரு டாலர் தர மறுத்ததால் டெமில் 1945 ஜனவரியில் விலக நேர்ந்தது. பின்னர் வில்லியம் கீலியும், 1952 முதல் இர்விங் கம்மிங்ஸும் தொகுத்தளித்தனர். தொலைக்காட்சி பரவியதும் கேட்போர் குறைந்தனர். லக்ஸ் 1955 ஜூன் 7 அன்று முடிந்தது. ஹாலிவுட் காலத்து ஒலிப்பதிவுகளில் பல இன்று இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன.