பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

எங்கள் வீட்டில் ஆல்பம் கிடையாது. ஒரு பிஸ்கட் டின்தான். அதற்குள் ஏழு படங்கள். ஆகப் பழைய படத்தில் அப்பாவின் தாத்தா செதுக்கு வேலை செய்த நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் கடிகாரம், காலில் செருப்பு. “கடியாரமும் செருப்பும் ஸ்டூடியோக்காரருது. மிராசுதார் வாசல்ல உன் பூட்டன் ஒரு நாளும் உட்கார்ந்ததில்ல” என்றார் அப்பாயி.

சமூகவியல் படித்த காலத்தில் அந்தப் படத்தைப் பொய் என்று ஒதுக்கினேன். இன்று அப்படி நினைக்கவில்லை. கடிகாரம் இரவல், அவர் உட்கார்ந்தது நிஜம். காசு கொடுத்தால் சேரிக்காரரும் நாற்காலியில் உட்கார ஓர் அறை காரைக்காலில் இருந்தது என்பதற்கு எங்களிடம் உள்ள சான்று அதுதான். நிலக் கணக்கில் மிராசுதார் பெயர் இருக்கும். நட்டவர், அறுத்தவர் பெயர் இருக்காது.

காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசம் வந்த ஊர். 1881 ஆணைப்படி, சாதி மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் புதிய குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் தலித்துகளும் கிறித்தவர்களும் கணிசம். பிறகு பலர் சொல்தாவாக இந்தோசீனா போனார்கள். அதனால் சில சேரி வீடுகளில் சைகோனில் எடுத்த சீருடைப் படம் தொங்குகிறது. அடுத்த வீட்டிலோ முதல் படமே வாக்காளர் அட்டைக்கு எடுத்ததுதான். ஒரே தெருவில் யாருக்குப் பட்டாளம் கிடைத்தது, யார் வயலிலேயே நின்றார் என்பதைச் சுவர்களே சொல்லும்.

இது வெறும் நினைவு விஷயமல்ல. புதுச்சேரிக்கான அட்டவணைச் சாதியினர் ஆணை 1964 மார்ச் 5-இல் வந்தது. அதற்கு முன்பே இங்கே வசித்த குடும்பமா என்ற கேள்வி இன்றும் சான்றிதழ் கேட்கும் பிள்ளைகளைத் துரத்துகிறது. சுற்றிலும் தமிழ்நாடு, கொண்டான் கொடுத்தான் உறவெல்லாம் எல்லைக்கு அந்தப்புறம். பட்டா இல்லாதவர் எதைக் காட்டுவார்?

நான் உடன் சென்ற ஒரு குடும்பத்திடம் கல்யாணப் படம் ஒன்று மட்டும் இருந்தது. அலுவலகத்தில் அதை ஏற்கவில்லை. ஆனால் படத்தின் பின்னால் ஊதா மையில் ‘காரைக்கால், 1961’ என்றிருந்தது. அந்த ஆண்டைப் பிடித்துக்கொண்டு மேரியின் திருமணப் பதிவேட்டைத் தேடச் சொன்னோம். பெயர்கள் கிடைத்தன.

டின்னில் இல்லாததும் வரலாறுதான். ஏழு படங்களில் ஒன்றிலும் நடவு இல்லை, களையெடுப்பு இல்லை. வாழ்நாளெல்லாம் வயலில் குனிந்த அப்பாயி, படத்தில் நாற்காலிக்குப் பின்னால் மட்டும் நிற்கிறார். கூரை வீடு எரிந்தால் டின்னும் போகும். 1968 டிசம்பர் 25 இரவு, எல்லைக்கு அப்பால் கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசையில் எரித்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு உயிரோடு இருந்தபோது எடுத்த படம் ஒன்றாவது இருந்திருக்கும்?

புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு பழைய தமிழ் ஸ்டூடியோப் படங்களை எண்ணிம வடிவில் சேமித்திருக்கிறது. நல்ல வேலை. ஆனால் படத்தில் நிற்பவர் யார், யார் பண்ணையில் வேலை செய்தார் என்பதை நம் வீட்டுக் கிழவிகள்தான் சொல்ல முடியும்.

அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் செல்போனில் எடுங்கள். பெயர், ஊர், உறவு, ஆண்டு, அந்த இரவல் செருப்பு உட்பட எல்லாவற்றையும் பின்னால் எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஊறி முகத்தைக் கெடுத்துவிடும்.