அடுப்படிச் சுவரில் கரிக்கோடுகள்

பாலைக் காய்ச்சி இறக்கியதும் தட்டுப் போட்டு மூடக் கூடாது. அப்பத்தா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் அடுப்படிப் பாடம் இது. மூடினால் ஆவி முத்து முத்தாகக் கோத்துப் பாலுக்குள்ளேயே சொட்டும். ஏடு கனமாகக் கட்டாது. ஓலைத் தட்டை மேலே கவிழ்த்து, காற்றாட, அசைக்காமல் ஆறவிட வேண்டும்.

கோவையில் என் வீட்டில் இன்றும் அப்படித்தான். ஆரஞ்சு நிறப் பாக்கெட் பாலில் கொழுப்பு 6 சதவீதம். காய்ச்சி ஆறவைத்து ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்தால், காலையில் ஏடு தோசை மாதிரி முழுசாக எழும்பி வரும். அதை வழித்து ஓர் எவர்சில்வர் டப்பாவில் சேர்க்கிறேன். பத்து நாள் சேர்ந்ததும் ஒரு ஸ்பூன் தயிர் விட்டு இரவெல்லாம் வெளியே வைத்தால் ஏடு புளித்து, கரண்டி நிற்கிற அளவுக்குக் கெட்டிப்படும். பிறகு மிக்ஸியில் போட்டு ஐஸ் தண்ணீர் விட்டு இரண்டு சுற்று. வெண்ணெய் தனியே, மோர் தனியே. ஹோமோஜினைஸ் செய்த பாலில் மட்டும் இது நடக்காது. அதில் கொழுப்பு மணிகளை நுணுக்கிப் பாலோடு கலந்துவிடுகிறார்கள். மிதந்து மேலே வர அவற்றால் முடிவதில்லை.

அந்த டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு ஊத்துக்குளிப் பக்கத்து எங்கள் வீடுதான் ஞாபகம் வரும். 1970-களின் தொடக்கம். கட்டுத்தறியில் மூன்று எருமை. சாயங்காலம் கறந்த பாலை மண்பானையில் ஊற்றி, வறட்டித் தணலில் வைத்துவிடுவார் அப்பத்தா. பொங்க விடாமல் கணகணவென்று கிடந்து, பால் லேசாகச் சிவந்து, மேலே விரல் கனத்துக்கு ஏடு கட்டும். கை பொறுக்கும் சூட்டில் உறைமோர் ஊற்றி உறியில் ஏற்றிவிட்டால், விடிவதற்குள் தயிர்.

கோழி கூவ எழுந்து கடையத் தொடங்குவார். தூணில் கட்டிய மத்து, இரண்டு கையிலும் மாறி மாறி இழுபடும் கயிறு. சத்தம் முதலில் தண்ணீர்ச் சத்தமாக இருக்கும். பிறகு நுரை ஏறிக் கம்மும். கடைசியில் மத்து கனத்து, மொத்தென்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டதும் கயிற்றை நிறுத்திவிடுவார். மார்கழியில் வெதுவெதுப்பான தண்ணீர் தெளிப்பார், சித்திரையில் பானைத் தண்ணீர். கொழுப்பு ரொம்ப இளகினாலும் திரளாது, ரொம்ப இறுகினாலும் திரளாது. பாதி இறுகிப் பாதி இளகி நிற்கும் பதத்தில்தான் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டும். வெப்பமானி எதையும் பார்த்தறியாதவர் அதைப் புறங்கையால் அறிந்துவைத்திருந்தார்.

மோர், சொம்போடு வந்து நிற்கிற அக்கம்பக்கத்தாருக்கு. மாடில்லாத வீடுகளில் அன்றைய சோற்றுக்கு அந்த மோர்தான். வெண்ணெய் மட்டும் தண்ணீர்ப் பானையில் உருண்டையாக மிதக்கும். வாரம் ஒருநாள் வெண்ணெய்க்காரர் சைக்கிளில் வந்து எடைபோட்டு வாங்கிப் போவார். கொடுத்த ஒவ்வொரு அரைக்கிலோவுக்கும் அப்பத்தா அடுப்படிச் சுவரில் கரியால் ஒரு கோடு போடுவார். எழுதப் படிக்கத் தெரியாது. அந்தச் சுவர்தான் அவருடைய கணக்குப் புத்தகம். காடு தாத்தா பேரில், பருத்தி விற்ற பணம் தாத்தா மடியில். வெண்ணெய்க் காசு மட்டும் அப்பத்தாவின் சுருக்குப் பையில். அதில் யாரும் கை வைத்ததில்லை.

கல்லூரியில் பெரும்பாணாற்றுப்படை படித்தபோது இந்தச் சுருக்குப் பை எவ்வளவு பழையது என்று தெரிந்தது. உருத்திரங்கண்ணனார் பாடும் இடையர் குலப் பெண், இருள் பிரியும் நேரத்தில் தயிர் கடைந்து வெண்ணெய் எடுக்கிறாள். மோர்ப்பானையைத் தலையில் சுமந்துபோய் விற்றுத் தன் சுற்றத்துக்குச் சோறு போடுகிறாள். நெய்க்கு விலையாகப் பொன் கொடுத்தால் வாங்கமாட்டாள். எருமையும் நல்ல பசுவும் கன்றுமாகத்தான் வாங்குவாள். மோர் அன்றாடச் சோற்றுக்கு, நெய் முதலுக்கு. அப்பத்தாவும் அப்படித்தான் செய்தார். எங்கள் மூன்றாவது எருமை வெண்ணெய்க் காசில் வந்தது.

சோழர் காலத்தில் இந்த நெய் கோயில் கணக்கிலும் ஏறியது. ஒரு நந்தா விளக்கு எரிய நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய். அதற்கு 96 ஆடுகளை இடையரிடம் ஒப்படைப்பார்கள். கல்வெட்டுகள் இவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன. கிழடானதற்கும் செத்ததற்கும் ஈடாகக் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் வைத்துக்கொள்வது இடையர் பொறுப்பு. தஞ்சைப் பெரிய கோயிலின் கணக்கில் 96 ஆட்டுக்கு 48 பசு ஈடு, அல்லது 16 எருமை. ஒரு எருமை மூன்று பசுவுக்குச் சமம்! ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பேர் வந்ததும் எருமையால்தான். பசும்பாலில் கொழுப்பு 4 சதவீதத்தை ஒட்டி நிற்கும்போது எருமைப்பாலில் ஏறக்குறைய 7 இருக்கும். பன்னிரண்டு பதின்மூன்று லிட்டர் எருமைப்பால் இருந்தால் ஒரு கிலோ வெண்ணெய்.

ஏடு கட்டக் காத்திருப்பதற்கு மாற்று 1878-லேயே வந்துவிட்டது. சுவீடன்காரர் குஸ்தாவ் டி லாவால் செய்த எந்திரம், பாலை வேகமாகச் சுழற்றிச் சில நிமிடங்களில் கிரீமைத் தனியே பிரித்தது. ஓர் இரவு பானையில் காத்திருந்த வேலை கண்முன்னே முடிந்தது. ஆனால் எங்கள் அடுப்படியை மாற்றியது அந்த எந்திரம் இல்லை, பாலுக்குக் கிடைத்த புதிய சந்தை. 1970-ல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. குரியன் குஜராத்தின் ஆனந்தில் வளர்த்தெடுத்த கூட்டுறவு முறை ஊர் ஊராகப் பரவியது. தமிழ்நாட்டின் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் இணையம் 1981-ல் பதிவானது.

எங்கள் ஊருக்கும் சங்கம் வந்தது. அதன் நன்மையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். கொழுப்பை அளந்து விலை போட்டார்கள். வெண்ணெய்க்காரரின் தராசை நம்பி நின்ற காலம் போனது. பணம் தவறாமல் வந்தது. விடியற்காலையில் ஒரு மணி நேரம் கயிறு இழுத்த தோளுக்கு ஓய்வு கிடைத்தது. ஆனால் பால் பாலாகவே வீட்டை விட்டுப் போனது. ஏடு பண்ணையில் கட்டியது. சொம்போடு வந்தவர்களுக்கு மோர் இல்லை. பாஸ் புத்தகம் தாத்தா பேரில் இருந்தது. கறந்தவரும் தீவனம் வைத்தவரும் கேனைச் சுமந்து போனவரும் அப்பத்தா. கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கியவர் தாத்தா. எங்கள் ஊரில் அநேக வீட்டில் அப்படித்தான். இதை யாரும் அநியாயம் என்று நினைக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. பாலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் லிட்டரையும் ரூபாயையும் எழுதுகிறார்கள். அந்த ரூபாய் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்பதையும் எழுத வேண்டும்.

ஒவ்வொரு வருஷமும் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, “அந்த அடுப்படிச் செவுத்த மட்டும் உட்டுருங்க சாமி” என்பார் அப்பத்தா. வெள்ளைக்கு நடுவில் அந்த ஒரு சுவர் மட்டும் கறுத்துப்போய்க் கரிக்கோடுகளோடு நிற்கும். சங்கத்துக்குப் பால் ஊற்றத் தொடங்கிய மறு பொங்கலுக்கு, சுண்ணாம்பு வாளியோடு வந்தவர் வழக்கம்போல அதை விட்டுவிட்டு நகர்ந்தார். அப்பத்தா அவரைக் கூப்பிட்டார்.

“அதையும் அடிச்சுருங்க கண்ணு. இனி அங்க எழுதறதுக்கு ஒண்ணுமில்ல.”