துண்டும் சேமலாப நிதியும்

மத்திய மலைநாட்டின் தோட்டத் தொழிலாளர் வரலாற்றிலே கணக்கு என்னும் சொல்லுக்குத் தனியிடம் உண்டு. அட்டனிலும் நுவரெலியாவிலும் காடழித்துத் தேயிலை நட்ட மக்கள், தங்கள் உழைப்பின் கணக்கைப் பிறர் எழுதப் பிறர் வாசிக்கவே நெடுங்காலம் வாழ்ந்தனர்.

திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர் முதலிய பகுதிகளிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவன் கங்காணி. அவன் கொடுத்த முற்பணமே தொழிலாளியின் முதற் கடன். ஒரு கொழுந்தைக் கிள்ளுமுன்னரே அவன் கடனாளியாகிவிட்டான். நாள்தோறும் செக்ரோலிலே ‘பேர்’ விழும். மாத முடிவிலோ அரிசி விலையும் முற்பணமும் கழிக்கப்படும். எஞ்சியது எவ்வளவு என்பதைக் கங்காணி சொல்லியே அவன் அறிந்தான்.

இந்நிலையிலே தோன்றியதுதான் துண்டு. இன்ன தொகையைச் செலுத்தினால் இந்த ஆட்களை விடுவிக்கலாம் எனத் தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டி ஆட்களைப் பெறும். கட்டிய தொகை மீண்டும் அவர்கள் தலையிலேயே கடனாக ஏறும். தோட்டம் மாறுந்தோறும் கடன் வளர்ந்தது. 1921ஆம் ஆண்டின் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

கடன் சீட்டு ஒழிந்தது. சேமிப்புக் கணக்கு வருவதற்கோ மேலும் பல ஆண்டுகள் சென்றன. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் ஊழியர் சேமலாப நிதியை நிறுவியது. இன்று தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பங்கு பிடிக்கப்படுகிறது; தொழில் கொள்வோர் 12 பங்கு சேர்க்கின்றனர். இலங்கை மத்திய வங்கி அப்பணத்தைப் பெரும்பாலும் அரசாங்கப் பிணையங்களிலே முதலிட்டு, ஆண்டுதோறும் வட்டியை அவரவர் கணக்கிலே வரவு வைக்கிறது. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதனைப் பெறலாம். பலர் பணம் ஒன்றுகூடி முதலீடாகும் பொது நிதியிலே தோட்டத் தொழிலாளியும் ஒரு பங்காளியானான்.

இதன் பெறுமதியை 1964 அக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை உணர்த்தியது. இந்தியா செல்வோர் சேமலாப நிதி உட்படத் தம் உடைமைகளைக் கொண்டுசெல்ல அது இடமளித்தது. ஒரு குடும்பம் கொண்டுசெல்லக்கூடிய உச்சத் தொகை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படலாகாது என்றும் விதித்தது. கடனோடு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் தலைமன்னாரிலே கப்பலேறியபோது, கணக்கிலிருந்த சேமிப்பே பலருக்குக் கைமுதலாயிற்று.

தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. நிருவாகம் மாறினாலும் தொழிலாளியின் கணக்கு தொடர வேண்டும். சம்பளச் சீட்டிலே பிடித்த பணம் நிதிக்குச் சென்றதா, அங்கத்துவ இலக்கமும் அடையாள அட்டையிலுள்ள பெயரும் பொருந்துகின்றனவா என்று பார்த்துக்கொள்வது இன்றியமையாதது. எழுத்திலே ஓர் எழுத்து மாறினும் முதுமையிலே பணம் பெற அலைய நேரிடும். நிலுவைக் கூற்றை வீட்டிலே படித்த பிள்ளைகள் பெற்றோருக்கு வாசித்துக் காட்டலாம். முந்திய தலைமுறைக்கு அவ்வாறு வாசித்துக் காட்டுவார் இருந்ததில்லை.