ஒற்றைக் கால் கேமராத் தாங்கியும் நம் பழவேற்காடும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடித்துவிட்டு சாவகாசமாகப் படியுங்கள்.

போன வாரம் பெங்களூரில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறானாம். ஏரியில் பூநாரைகளைப் படம் எடுக்கப் பெரிய லென்ஸ் ஒன்று வாங்கியிருக்கிறான். "சார், ட்ரைபாட தூக்கிக்கிட்டு சேத்துல அலைய முடியாது. கனமில்லாம ஒரு மோனோபாட் வாங்கலாம்னு இருக்கேன். நீங்க ஒண்ணு வச்சிருக்கீங்களே, எதைப் பாத்து வாங்கணும் சார்?" என்று கேட்டான்.

இரண்டு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் வாத்தியாரிடம் கேள்வி கேட்டால் பாடம் நடத்தாமல் விடுவாரா? அதனால் எல்லோருக்குமாக இங்கேயே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ட்ரைபாட் என்பது மூன்று கால் உள்ள தாங்கி. மோனோபாட் என்பது ஒரே காலுள்ள தாங்கி. குடையை மடக்குவது போல மடக்கி, வேண்டும்போது நீட்டி, உச்சியில் கேமராவைத் திருகிக்கொள்ளலாம். மொபைல் போன் வைக்கவும் தனிப் பிடி கிடைக்கிறது. நம் ஊர்ப் படகில் கழி ஊன்றி நிற்பவரைப் பார்த்திருப்பீர்கள். அவர் கையில் இருக்கும் மூங்கில் கழியும் ஒரு வகையில் அதே வேலையைத்தான் செய்கிறது. ஏரியின் அடியில் ஒரு முனை, அவர் தோளுக்குக் கீழே மறு முனை. அவர் உடம்பும் சேர்ந்தால்தான் கழி நிற்கும்.

நான் ஏன் இதை வாங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஓய்வு பெற்ற மறு ஆண்டு ஒரு கேமரா வாங்கினேன். அப்போதே கை லேசாக நடுங்க ஆரம்பித்திருந்தது. குப்பத்தில் ஒரு பெரியவர் இருந்தார். பாடு முறையில் சீட்டுப் போட்டு யாருக்கு எந்த இடம், யார் எந்த நாள் வலை போடுவது என்று முடிவு செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பழைய கணக்கையெல்லாம் மனப்பாடமாகச் சொல்வார். ஒரு சாயங்காலம், இருட்டும் நேரத்தில், அவர் படகிலிருந்து இறங்கி வருவதைப் பத்துப் பதினைந்து படம் எடுத்தேன். மூன்று மாதம் கழித்து அவர் காலமானார். அவருடைய மகன், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன், கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் படம் கேட்டு ஓடி வந்தான். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. எல்லாம் கலங்கிப்போய் இருந்தன. கடைசியில் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் பேனர் அடித்தார்கள். அந்த வெட்கம் இன்னும் எனக்குப் போகவில்லை. அந்த மாதமே ஒற்றைக் கால் ஒன்று வாங்கினேன்.

இனி வரலாறு.

ஒற்றைக் காலில் கருவியைத் தாங்குவது கேமராவுக்கு முந்திய வழக்கம். நம் ஊரில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அங்கே வெடிமருந்து தயாரித்து மற்ற இடங்களுக்கும் அனுப்பினார்கள் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்தக் காலத்து மஸ்கெட் துப்பாக்கி கனமானது. வெறும் கையால் நீட்டிப் பிடித்துக் குறி பார்க்க முடியாது. அதனால் சிப்பாய் ஒவ்வொருவரும் தலையில் கவட்டை வைத்த ஒரு கோலைத் தூக்கிக்கொண்டு நடப்பார். சுடும்போது கோலை ஊன்றி, கவட்டையில் துப்பாக்கியை வைப்பார். ஜேக்கப் டி கெய்ன் என்ற ஓவியர் 1607இல் ஹாலந்தில் வெளியிட்ட ஆயுதப் பயிற்சி நூலில் இதைப் படிப்படியாகப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். பிறகு துப்பாக்கியின் கனம் குறைந்தது. கவட்டைக் கோலும் மெல்ல மறைந்தது. கருவி கனமாக இருக்கும்வரைதான் தாங்கு கோலுக்கு மதிப்பு.

கேமராவின் கதையும் இதே மாதிரிதான் தொடங்கியது. 1839இல் பிரான்சிலும் இங்கிலாந்திலும் புகைப்படக் கலை அறிவிக்கப்பட்டபோது ஒரு படம் பதிய நிமிடக் கணக்கில் ஆகும். அதுவரை கேமரா அசையக் கூடாது. அப்படியானால் பெட்டியும் பெரிது, முக்காலியும் பெரிது.

நம் மாகாணத்தில் இதற்கு நல்ல உதாரணம் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி. சென்னை அரசாங்கம் அவரைப் புகைப்படக்காரராக நியமித்தது. 1857, 1858 ஆண்டுகளில் ஸ்ரீரங்கம், திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை என்று சுற்றிப் படம் எடுத்தார். கேமரா, மெழுகு பூசிய காகித நெகட்டிவ், ரசாயனம் எல்லாம் மாட்டு வண்டிகளில் போயின. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி, சுமார் 19 அடி நீளப் படமாக்கினார். கல்வெட்டைப் படிக்க வேண்டியவர் தஞ்சாவூருக்கு வராமலே படிக்கலாம். எவ்வளவு பெரிய வேலை! ஆனால் 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன், செலவு அதிகம் என்று அந்த வேலையையே நிறுத்திவிட்டார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மாட்டு வண்டியும் ஆட்களும் அரசாங்கப் பணமும் இருந்தவரால்தான் வெளியிடத்தில் படம் எடுக்க முடிந்தது. எதைப் படம் எடுப்பது என்பதையும் அவரே முடிவு செய்தார். கோயிலும் கோட்டையும் பதிவாயின. அந்த வண்டிகளை ஓட்டியவர்கள் யார், அந்தப் பெட்டிகளைச் சுமந்தவர்கள் யார்? படத்தில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். வலை பின்னும் குப்பத்துக்கும் அப்படி ஒரு வண்டி எப்போது வந்திருக்கும்?

பிறகு கனம் குறைய ஆரம்பித்தது. 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கையில் பிடித்தே எடுக்கும் கோடாக் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஒரு சுருளில் 100 படம். 1925இல் ஜெர்மனியில் லைக்கா வந்தது. சட்டைப்பையில் அடங்கும் அளவு. இனி காலே வேண்டாம் என்று ஆகியிருக்க வேண்டும். ஆனால் பறவையையும் விலங்கையும் கிட்டே போகாமல் எடுக்க நீண்ட லென்ஸ் வேண்டும். லென்ஸ் நீண்டால் கனம் திரும்பி வந்துவிடும். அதோடு, தூரத்தைக் கிட்டே கொண்டுவரும் லென்ஸ் கை நடுக்கத்தையும் அதே அளவு பெரிதாக்கிக் காட்டும்.

நம் தமிழ்நாட்டில் இந்தச் சிரமத்தோடு அதிகம் மல்லுக்கு நின்றவர் மா. கிருஷ்ணன் (1912–1996). எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைத் தானே சேர்த்து ஒரு பெரிய கருவியை உருவாக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று கேலியாகப் பெயரும் வைத்திருந்தார். கையில் இருப்பதை வைத்து வேலையை முடித்துக்கொண்ட மனிதர். 1970இல் பத்மஸ்ரீ பெற்றார்.

கால்களின் கனம் குறைந்தது அண்மைக் காலத்தில்தான். 1990களில் கார்பன் ஃபைபர் குழாயில் செய்த கால்கள் வந்தன. 1995இல் கேனான் நிறுவனம் நடுக்கத்தைத் தானே சரிசெய்யும் லென்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று அரை கிலோவுக்கும் குறைவான ஒற்றைக் காலை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். டிரைப் வண்டியில் ஏற்றிப் போனதை நம் வீட்டுப் பிள்ளை தோள்பையில் போட்டுக்கொண்டு போகிறான். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? என் அனுபவத்தில் தெரிந்தவை:

1. கனம். அலுமினியம் என்றால் அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை இருக்கும். கார்பன் ஃபைபர் அதைவிடக் குறைவு, விலை அதிகம். உப்புக் காற்றுக்கும் கார்பன் நல்லது. ஆனால் கல்லில் இடித்தால் விரிசல் விடலாம். என்னிடம் இருப்பது அலுமினியம்தான். வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகத் தோன்றாத கனம் எதுவோ அதுவே சரியான கனம்.

2. அடுக்குகள். அடுக்கு அதிகமானால் மடக்கும்போது சிறியதாகும், பைக்குள் போகும். ஆனால் கடைசிக் குழாய் மெலிந்து வளையும். நான்கு அடுக்கு நடுத்தரம். பெரிய லென்ஸ் என்றால் மூன்று அடுக்குதான் உறுதி.

3. உயரம். முழுதும் நீட்டிக் கேமராவை வைத்தால், குனியாமல் கண்ணுக்கு நேரே வர வேண்டும். ஏரிக்கரை சமதளம் அல்ல. நீங்கள் மேட்டில் நின்று காலைப் பள்ளத்தில் ஊன்ற வேண்டிவரும். அதனால் ஒரு சாண் கூடுதலாக இருக்கட்டும்.

4. பூட்டு. திருகுப் பூட்டு, நெம்புப் பூட்டு என்று இரண்டு வகை. திருகுப் பூட்டுக்குள் மணல் புகுந்தால் நறநறக்கும். நெம்புப் பூட்டைக் கழுவுவது சுலபம். கடையிலேயே முழுதும் நீட்டி, இரண்டு கையாலும் அழுத்திப் பாருங்கள். சரிந்து இறங்கினால் வாங்காதீர்கள்.

5. அடிப்பகுதி. அகலமான ரப்பர் பாதம் நல்லது. நம் சேற்றில் எதுவும் புதையும். நான் கனமான பிளாஸ்டிக் மூடி ஒன்றை அடியில் வைத்துக்கொள்கிறேன்.

6. தலைப்பகுதி. முன்னும் பின்னும் மட்டும் சாயும் எளிய தலை போதும். பக்கவாட்டில் திரும்ப காலையே சுழற்றிக்கொள்ளலாம். கேமரா, லென்ஸ் இரண்டின் கனத்தையும் கூட்டி, அதைப் போல இரண்டு மடங்கு தாங்குவதாக எழுதியிருப்பதை வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துக் காயவையுங்கள். இதைச் செய்யாததால் என் முதல் காலின் பூட்டு ஒரே வருடத்தில் இறுகிப்போனது.

எப்படிப் பிடிப்பது? தாங்கியின் நுனியை உங்களுக்கு முன்னே ஊன்றி, உங்கள் இரண்டு கால்களையும் பின்னே அகட்டி வையுங்கள். மூன்றும் சேர்ந்து முக்காலி ஆகிவிடும். உடம்பை லேசாக முன்னே சாய்த்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, பட்டனை மெதுவாக அழுத்துங்கள். 300 மி.மீ. லென்ஸை வெறும் கையில் பிடித்தால் 1/300 நொடியாவது வைக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. ஒற்றைக் கால் இருந்தால் 1/80 நொடி வரை இறங்கலாம். விடியற்காலை மங்கல் வெளிச்சத்தில் இது பெரிய உதவி. ஆனால் பறவை பறந்தால் இந்தக் கணக்கு உதவாது. அதற்கு வேகம்தான் வேண்டும். இரவில் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் போகும் பாதையைக் கோடாக எடுக்க வேண்டுமென்றால் முக்காலியேதான். ஒற்றைக் காலால் ஆகாது.

டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு: தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்களில் முக்காலி வைக்க அனுமதி வாங்க வேண்டும். ஒற்றைக் கால் என்றாலும் காவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது கல்லில் வெட்டிய எழுத்துகள் எழுந்து தெரியும். அப்போது எடுங்கள்.

இன்னொன்றை வாத்தியாராகக் கண்டிப்போடு சொல்கிறேன். படகில் எழுந்து நின்று படம் எடுக்காதீர்கள். 2011 டிசம்பர் 25ஆம் தேதி நம் ஏரியில் நடந்த படகு விபத்தில் 22 பேர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். படகில் ஒற்றைக் காலைப் பலகையில் ஊன்றினால் இன்ஜின் அதிர்வு முழுவதும் கேமராவுக்கு ஏறிவிடும். படமும் கெடும், பிடியும் தவறும். கரையில் நின்றே எடுங்கள். பூநாரைகளை விரட்டிப் பறக்கவிட்டு எடுப்பதும் வேண்டாம். அவை சாப்பிட வந்திருக்கின்றன.

கடைசியாக, ஒரு வீட்டுப்பாடம். பொங்கலுக்கு வருகிறவர்கள் பூநாரையை எடுங்கள், சந்தோஷம். அதற்கு முன்னால் உங்கள் தாத்தா, பாட்டி, வலை பின்னும் சித்தப்பா, நண்டு பிடிக்கும் அத்தை, இவர்களைக் கேட்டுக்கொண்டு ஆளுக்கு ஒரு நல்ல படம் எடுங்கள். பெயர், ஊர், தேதி எழுதி வையுங்கள். பாடுக்குச் சீட்டுப் போடும் நாளையும், முகத்துவாரம் திறந்திருக்கிறதா அடைந்திருக்கிறதா என்பதையும் வருடா வருடம் எடுங்கள். எனக்கு அனுப்பினால் ஊர்வாரியாகப் பிரித்து வைக்கிறேன். கேமரா இல்லாதவர்கள் மொபைலில் எடுத்தால் போதும். ஒற்றைக் கால் இல்லாதவர்கள் என்னுடையதை வீட்டுக்கு வந்து வாங்கிப் போகலாம். கழுவிக் காயவைத்துத் திருப்பித் தர வேண்டும்.

அந்தப் பெரியவரின் மகன் போன மாதம் என்னிடம் வந்தான். "சார், அம்மாவ ஒரு படம் எடுத்துக் குடுங்க" என்றான். போய் எடுத்தேன். வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். கண் இமை மயிர்கூடத் தெளிவாக விழுந்திருக்கிறது. "எனக்கு எதுக்குடா இப்ப படம்?" என்று அந்த அம்மா திட்டினார்கள். பிறகு வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்